காவடி எடுக்கப் போகிறேன் என்கிறார், தூக்கமும் குறைகிறது – நான் கவனிக்கிறேனா, கண்காணிக்கிறேனா?

பட்டர்வொர்த்துக்காரி

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்ல முடியாது, வேலையிடத்தில் சொல்லவே முடியாது. தோழி ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன், அவள் "ஐயோ, தனியா இருக்கும்போது உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள். அதோடு அவளிடமும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எனக்கு 29, என் காதலருக்கு 31. நான்கு வருஷப் பழக்கம். அவர் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குகிற வியாதி) என்று தெரிந்தது, அதில் முதல் வகை என்றார் டாக்டர்.

தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். டுரியான் சீசன் நேரம். அவர் அப்போது நைட் ஷிப்ட், தூங்கி நாலைந்து நாள் இருக்கும், எனக்கு அது தெரியாது. விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் புளோக்குக்குக் கீழே ஹார்ன் சத்தம். போய்ப் பார்த்தால் பாலிக் பூலாவிலிருந்து பாலம் தாண்டி, மோட்டார் சைக்கிளின் முன்னாலும் பின்னாலும் சாக்குக் கட்டி 11 டுரியான். எங்கள் அம்மா தூக்கக் கலக்கத்திலும் சிரித்து, "மாப்பிள்ளைக்கு மனசு பெருசுதான்" என்றார். அங்கேயே படியில் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தார். முள் குத்தி உள்ளங்கை கிழிந்து ரத்தம் சுளை மேல் சொட்டுகிறது, அவருக்குத் தெரியவே இல்லை. டுரியானைச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்வது பற்றி மூச்சு விடாமல் பேசிக்கொண்டே அந்தச் சுளையை என்னிடம் நீட்டுகிறார். அந்தக் கையை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த ஒன்பது நாளில் வாட்ஸ்அப்பிலேயே வேலையை ராஜினாமா செய்தார், 18,000 வெள்ளி (ரிங்கிட்) கடன் வாங்கினார், பதினைந்து வருஷ நண்பனைக் கை நீட்டி அடித்தார். அவருடைய அண்ணன்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மூன்று வாரம் வார்டு. அதற்கப்புறம் ஐந்து மாதம் படுக்கை. குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் டுரியான் நாட்களைவிட அந்த ஐந்து மாதம்தான் எனக்குக் கஷ்டம்.

அப்புறம் லித்தியம் மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு. முதலாளி நல்லவர், திரும்பச் சேர்த்துக்கொண்டார். டாக்டர் கடிதம் கொடுத்து நிரந்தரக் காலை ஷிப்ட் வாங்கித் தந்தார். ஒன்றரை வருஷமாக நன்றாகத்தான் போகிறது.

இப்போது விஷயம். தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு வாரம். அவர் வார்டில் இருந்தபோது அவருடைய அம்மா பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டாராம், அதை இந்த வருஷம் முடிக்கணும் என்கிறார். விரதம் ஆரம்பித்தாயிற்று. ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். உறுமி மேளக் குழுவிலும் இருக்கிறார், பயிற்சி முடிய ராத்திரி ஒரு மணி ஆகிறது, காலை ஐந்தரைக்கு எழுந்து வேலை. அடித்து அடித்துத் தோள் வலிக்கிறது என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறார், கோப்பையைப் பிடித்தால் கை நடுங்குகிறது, அதுவும் உறுமியால்தான் என்கிறார். இரண்டு நாளாக வயிறும் சரியில்லை, போக்கு. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஜோக் அடிக்கிறார், பாடுகிறார், போன செவ்வாய் ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் செயினைப் பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இது பக்தியா, இல்லை திரும்ப ஏறுகிறதா? ஒரு நாளைக்கு நாலு தடவை "மருந்து போட்டாச்சா" என்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். கத்தவில்லை. "நான் சிரிச்சா வியாதி, சும்மா இருந்தா வியாதி. எனக்குன்னு ஒரு மூஞ்சி கிடையாதா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரும் ஆவணியில் நிச்சயம் செய்யலாம் என்று பேச்சு. இதே வாழ்க்கையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், நர்ஸ் மாதிரி ஆகாமல் எப்படிக் கூட இருப்பது?

கோப்பிஓ_கோசோங்

தங்கச்சி, நான் செந்தூல். என் மனைவிக்கு 11 வருஷமாக இருக்கிறது. முதலில் ஒரு கிளினிக்கில் வெறும் மனச்சோர்வு என்று அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தார்கள், மூன்றே வாரத்தில் ராக்கெட் மாதிரி ஏறிவிட்டாள். பைபோலார் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அப்படி ஆகலாம் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஏற்றத்தில் தாலிக்கொடியை அடகு வைத்து ஐந்து தையல் மெஷின் வாங்கினாள். நாலை விற்றுவிட்டோம். ஒன்று இருக்கிறது, இந்தத் தீபாவளிக்குப் பையனுடைய ஜிப்பாவை அதில்தான் தைத்தாள்.

"மருந்து போட்டாச்சா" என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடு. நானும் இரண்டு வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு, அவள் என்னை "மிஸி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். (எங்கள் பாட்டி காலத்தில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) முதலில் சிரித்தோம், அப்புறம் சிரிப்பாக இல்லை. மாத்திரை அவள் பொறுப்பு. ஏழு நாள் டப்பா சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடி பக்கத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒளிந்து எண்ண வேண்டியதே இல்லை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு காகிதம். அவள் நன்றாக இருந்த ஒரு மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு உட்கார்ந்து எழுதினோம். எழுதினோம் என்றால் அவள்தான் எழுதினாள், பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள், நீலப் பேனா. அலமாரிக் கதவின் உள்பக்கம் சேலைகளுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதில் இருப்பது ஏறக்குறைய இப்படி: தொடர்ந்து இரண்டு ராத்திரி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் நானே கிளினிக்குக்குப் போன் செய்வேன், நான் செய்யாவிட்டால் மூன்றாம் நாள் காலை நீ செய்யலாம், நான் கத்தினாலும் செய். வங்கிக் கார்டை அன்றைக்கே அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அம்மாவைக் கூப்பிடாதே, அவர் அழுவார், எனக்கு ஆத்திரம் வரும். பிள்ளை முன்னால் இதைப் பேசாதே.

இதுவரை இரண்டு தடவை அந்தக் கதவைத் திறந்து காட்ட வேண்டி வந்தது. ஒரு தடவை தாளைக் கிழித்தாள், ஆனால் போன் செய்தாள். ஏன் அது வேலை செய்கிறது தெரியுமா, என் பேச்சை அவள் கேட்கவில்லை, தன் கையெழுத்தைக் கேட்டாள்.

இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் ஆரம்ப அடையாளம் வேறு. என் மனைவி குங்குமத்தைப் பெரிதாக வைக்க ஆரம்பிப்பாள், பத்து வருஷமாகப் பேசாத சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவாள். உன் ஆளுக்கு எது என்று அவரிடமே கேள். அவருடைய அண்ணனும் உட்காரட்டும். செயின் தேய்த்தது அடையாளமா என்றால் எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

ஏறிவிட்ட பிறகு விவாதம் வேண்டாம். "உனக்கு வியாதி" என்று அந்த நேரத்தில் நிரூபிக்கப் போகாதே, ஜெயிக்க மாட்டாய். குரலைத் தணித்து, டிவியை அணைத்து, தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசு.

வேலும்மயிலும்துணை

இதெல்லாம் ஏழரைச் சனி செய்கிற வேலை. பையன் முருகனைத் தேடி வந்துவிட்டான், இனி ஒன்றும் ஆகாது. லித்தியம் பேட்டரியில் போடுகிற சாமான், அதைத் தின்றால் கை நடுங்காமல் என்ன செய்யும்? விரத நாளில் மட்டும் மாத்திரையை நிறுத்திப் பாருங்கள், சுத்தமான உடம்போடு காவடி எடுக்கட்டும். சந்தேகப்பட்டு வேண்டுதலைக் கெடுக்காதீர்கள்.

மாத்திரைக்காரி

ஐயா, தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். யாராவது கேட்டு நடந்துவிடப் போகிறார்கள். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா (அந்த ஏற்றம்) முன்பைவிட வேகமாகத் திரும்பி வரலாம். பேட்டரியில் இருப்பது உண்மைதான், 1949ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் அதை மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இத்தனை பேரை அது நிற்க வைத்திருக்கிறது என்பதும் உண்மைதான்.

பட்டர்வொர்த்துத் தங்கை, நான் மருந்தாளர், அரசாங்க வேலை. நீங்கள் மனநிலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் பதிவில் பயம் தந்தது வேறு. உப்பில்லாத ஒரு வேளைச் சாப்பாடு, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், கடையில் வாங்கிய வலி மாத்திரை. நாலும் ஒரே பத்தியில் இருக்கிறது!

லித்தியம் ஒரு வகை உப்பு. சிறுநீரகம் அதையும் சாப்பாட்டு உப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் நடத்தும். உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் இருப்பதை விடாமல் பிடித்துவைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். மாத்திரையின் அளவு மாறாது, ரத்தத்தில் அளவு ஏறும். அவர் வாங்கிய மாத்திரை இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் வகையாக இருந்தால் அதுவும் ஏற்றிவிடும். பாரசிட்டமோல் என்றால் பரவாயில்லை. அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள், இப்போதே.

சாதாரணமாக ரத்தத்தில் 0.6லிருந்து 1.0 வரை வைத்திருப்பார்கள். 1.5க்கு மேலே போனால் நச்சு, சிலருக்கு அதற்குக் கீழேயே தொல்லை தொடங்கும். லித்தியம் போடுகிற பலருக்கு விரல் லேசாக நடுங்கும், அது வேறு. கோப்பை தளும்புகிற அளவு நடுக்கம், வாந்தி, போக்கு, நாக்கு குழறுவது, நடை தள்ளாடுவது, இதெல்லாம் சேர்ந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவு. இப்போது இருக்கிற நிலைமைக்கு இன்றைக்கே கிளினிக்கைக் கூப்பிடுங்கள், அடுத்த வேளை மாத்திரை போடலாமா என்று கேளுங்கள், ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாகப் போட்ட மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும், ஆனால் ஆள் மோசமாக இருந்தால் மணி பார்க்க வேண்டாம்.

வேண்டுதலைக் கைவிடச் சொல்லவில்லை. நானும் வருஷா வருஷம் மலை ஏறுகிறவள்தான். ஊர்வலத் தார் ரோட்டில் அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து, அப்புறம் 513 படி ஏற வேண்டும். லித்தியம் உடம்பில் இருக்கிறவர் அதை வெறும் வயிறாக, வியர்வையோடு செய்வதைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். சைவம் இருக்கலாம், உப்பைக் கழிக்க வேண்டாம், தண்ணீரைக் குறைக்க வேண்டாம். பால்குடம் எடுத்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கிள்ளான்_கிளி

நான் அந்தப் பக்கத்து ஆள். அதாவது உங்கள் ஆள் இருக்கிற பக்கம். பைபோலார் எனக்குத்தான், 22 வயதிலிருந்து. இப்போது 36. கணவர் இருக்கிறார், ஒரு மகள் இருக்கிறாள். (உங்களுக்கு நிச்சயப் பேச்சு என்பதால் சொல்கிறேன்: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று என்று எனக்குச் சொன்னார்கள். நான் அதை ஒன்பது பங்கு வராது என்று படித்தேன், என் மாமியார் ஒரு பங்கை மட்டும் படித்தார். எனக்கு முதலில் வால்ப்ரோயேட் கொடுத்திருந்தார்கள், கருவில் பிள்ளைக்குக் கெடுதல் என்பதால் திட்டமிட்டு மாற்றின பிறகுதான் பிள்ளை.)

மேனியா எப்படி இருக்கும் என்று யாரும் எங்களைக் கேட்பதில்லை, அதனால் சொல்கிறேன். வியாதி மாதிரி இருக்காது. இவ்வளவு நாள் மூக்கடைத்துக் கிடந்த எனக்கு இன்றைக்குத்தான் மூச்சு வருகிறது என்கிற மாதிரி இருக்கும். பாத்திரக் கடை எவர்சில்வர் தட்டெல்லாம் எனக்காகப் பளபளக்கிற மாதிரி. அந்த நேரத்தில் ஒருவர் வந்து "மருந்து போட்டியா" என்றால், அவர் என் மூக்கைத் திரும்ப அடைக்க வந்தவர். அப்புறம் இறங்கும்போது என்ன செய்தேன் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். யாருக்கு என்ன மெசேஜ் அனுப்பினேன் என்று படிக்கவே மூன்று வாரம் தைரியம் வரவில்லை.

உங்கள் ஆள் கேட்டது சரியான கேள்வி. எனக்கென்று ஒரு மூஞ்சி. இந்த வியாதியில் பணத்தைவிட அதிகம் பறிபோவது அதுதான். கல்யாண வீட்டில் நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், நாலு பேர் என் கணவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் மட்டும் என்னையே பார்த்துச் சிரிப்பார். அதற்காகவே அவருடன் இருக்கிறேன்.

சந்தோஷத்தையும் மேனியாவையும் பிரிக்க நான் வைத்திருக்கிற அளவுகோல் களைப்பு. ராத்திரி ஒரு மணி வரை கூத்தடித்துவிட்டு மறுநாள் கண் எரிந்தால், மத்தியானம் சுருண்டு படுத்தால், அது சந்தோஷம். மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து களைப்பே தெரியவில்லை, தூக்கம் தேவையே இல்லை என்று தோன்றினால் எனக்கு நானே போன் எடுத்துவிடுவேன். அவர் எந்த ரகம் என்று பாருங்கள். ஆனால் தூக்கம் கெடுவதே எங்களை ஏற்றிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மணி வரை பயிற்சி என்பது உறுமிக்கு நல்லது, எங்களுக்கு இல்லை.

இறங்குகிற காலத்துக்கும் ஏற்பாடு வையுங்கள். நீங்களே ஐந்து மாதம் என்றீர்கள். எனக்கு அந்த நேரத்தில் உதவியது "எழுந்திரு, வெளியே போகலாம்" இல்லை. என் கணவர் குளியலறையில் வெந்நீர் வாளியை வைத்துவிட்டு "ஆறுறதுக்குள்ள போ" என்று மட்டும் சொல்வார். சில நாள் ஆறிப்போகும். திரும்ப வைப்பார். சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பார், கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, எனக்குப் பாரம்தான் குறைந்தது. மனசு விட்டுப் பேச பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள், அரசாங்கத்தின் ஹீல் மனநல உதவி எண் 15555. உடனே ஆபத்து என்றால் 999. முன்பெல்லாம் தற்கொலை முயற்சி குற்றம் என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவே வீட்டில் பயப்படுவார்கள், 2023ல் அந்தச் சட்டப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை மிரட்டுவார்கள். 1911ல் திறந்த மனநல ஆஸ்பத்திரி, நூறு வருஷத்துக்கு மேலாக நம் ஊர் ஜோக் அதை வைத்துத்தான். நான் இன்றைக்கும் பொது ஆஸ்பத்திரி நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி கட்டி, மற்றவர்களைப் போல எண் எடுத்து உட்கார்ந்துதான் பார்த்துவிட்டு வருகிறேன். அவருக்கு வேலையில் பிரச்சினை வந்தால் மெந்தாரி என்று அரசாங்க சமூக மனநல மையங்கள் இருக்கின்றன, அங்கே வேலைக்குத் திரும்பவும் உதவுவார்கள்.

பெயர்_வேண்டாம்

எல்லாரும் சேர்ந்து வாழ்ந்த கதை சொல்கிறீர்கள், வாழாத ஒருத்தனும் சொல்லட்டுமே.

நான் பைபோலார் உள்ள ஒருத்தியோடு ஆறு வருஷம் இருந்தேன், கோலாலம்பூரில். அவளுக்கு வந்தபோது ராத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனது நான். அவள் சேர மாட்டேன் என்றாள். சேர்க்கும் மனுவில் உறவினர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அம்மா அப்பா, கூடப் பிறந்தவர்கள், கணவன், இப்படி. ஆறு வருஷக் காதலனுக்கு அதில் இடம் இல்லை. அவளுடைய அப்பாவுக்கு என்னைப் பற்றியே தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்கு அவர் நம்பருக்குப் போன் போட்டு முதல் முதலாக என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அந்தப் பேச்சை எந்த எதிரிக்கும் விரும்ப மாட்டேன். அதனால் அவருடைய அண்ணன் நம்பர் உங்களிடம் இருக்கட்டும், உங்கள் நம்பர் அவரிடம் இருக்கட்டும், நிச்சயம் வரை காத்திருக்க வேண்டாம்.

பிரிந்தது வியாதியால் இல்லை. அவள் சிகிச்சையே வேண்டாம் என்று முடிவாகச் சொன்னாள், நான் அவளுக்காக வேலை, நண்பர்கள், பந்து விளையாட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டு வாசலில் காவல் இருந்தேன். ஒரு நாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து யாரோ என்று நினைத்தேன். உங்கள் ஆள் ஒன்றரை வருஷமாக மாத்திரை போடுகிறார், எண்ணிப் பார்த்தபோதும் கத்தவில்லை. அது சின்ன விஷயம் இல்லை. நீங்களும் வாரத்தில் ஒரு நாளாவது அவரைப் பற்றி நினைக்காமல் இருங்கள்.

பட்டர்வொர்த்துக்காரி

மாத்திரைக்காரி அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் வேலையிடத்துக் கழிவறையில் நின்றுகொண்டே அவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மருந்து போட்டாச்சா என்று கேட்கவில்லை. "தோள் வலிக்குப் போடுறீங்களே, அந்த அட்டையில என்ன பேர் எழுதியிருக்கு?" என்றேன். டைக்ளோஃபெனாக். ஒரு வாரமாகப் போட்டிருக்கிறார், சில நாள் மூன்று. நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நேத்து படியில இறங்கும்போது கால் ஒரு மாதிரி போச்சு, உன்கிட்ட சொன்னா விரதத்தை நிறுத்தச் சொல்லுவேன்னு சொல்லல" என்றார். அவரே கிளினிக்குக்குக் கூப்பிட்டார். உடனே வரச் சொன்னார்கள். ரத்தத்தில் லித்தியம் 1.3 இருந்தது. அன்று ராத்திரி மாத்திரையை நிறுத்தி வைத்து, சலைன் ஏற்றி, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது அளவைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள், வியாழக்கிழமை திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரகத்தையும் பார்த்தார்கள், பரவாயில்லையாம்.

இத்தனை நாள் அவர் சிரிப்பை அளந்துகொண்டிருந்தேன், நடுங்குகிற கோப்பை கண் முன்னாலேயே இருந்தது. நானே அதை எழுதியிருக்கிறேன், எழுதியும் எனக்குப் புரியவில்லை.

கிள்ளான் அக்கா, களைப்பு பற்றி நீங்கள் சொன்னதைப் பார்த்தேன். போன ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு சோபாவில் மூன்று மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார், அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அதனால் இது டுரியான் இல்லை என்று நினைக்கிறேன். டாக்டரும் மனநிலை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ராத்திரிப் பயிற்சி வேண்டாம் என்றார். குழுத் தலைவரிடம் பேசிப் பத்து மணிக்கே கிளம்பிவிடுகிறார். காரணம் கேட்டால் காலை ஷிப்ட் என்கிறார், அது பொய்யும் இல்லை.

காவடி பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவருடைய அம்மாவே சொல்லிவிட்டார், வேண்டினது நான், பால்குடமாக மாற்றி வேண்டிக்கொள்ள எனக்குத் தெரியாதா என்று. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உறுமியாவது அடிப்பேன் என்கிறார், அதையும் டாக்டரிடம் கேட்கப் போகிறோம்.

கோப்பிஓ அண்ணா, காகிதம் இன்னும் எழுதவில்லை. கேட்டேன், சிரித்தார். "நீயும் ஒண்ணு எழுது, நான் எத்தனை தடவை கேட்டா உன்னைத் தடுக்கலாம்னு" என்றார். அண்ணன் வரும் சனிக்கிழமை வருகிறார், மூன்று பேரும் உட்காரப் போகிறோம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கு வேறு ஒரு கேள்வி போடுகிறேன், இப்போது தெம்பில்லை.

கோப்பிஓ_கோசோங்

அவர் கேட்டது நியாயம். நீயும் எழுது. என் பெயரில் ஒரு தாள் அதே கதவில் இருக்கிறது, முதல் வரியே "நான் மிஸி இல்லை".

பட்டர்வொர்த்துக்காரி

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். வியாழன் காலை ஒன்பதுக்கு ரத்தம். முதல் நாள் ராத்திரி ஒன்பதுக்குப் போடுவார். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போவதா, எடுத்த பிறகு போடுவதா?

மாத்திரைக்காரி

எடுத்த பிறகு. மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மத்தியானம் வரை மறந்துவிடுவார். லித்தியத்துக்கு வெறும் வயிறு தேவையில்லை, வேறு டெஸ்ட் எதுவும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் தாளில் பாருங்கள். இல்லையென்றால் பசியாறிவிட்டே போகட்டும், உப்புப் போட்டு.